வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த மாதம் சரி? காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சீசன் எப்ப?” என்று கேட்டால் ஒரே ஒரு மாதத்தைச் சொல்ல முடியாதா?

முடியாது. ஒரே நாட்டின் இரண்டு கரைகளில் மழை எதிரெதிர் மாதங்களில் பெய்யும். இலங்கை, மலேசியா, தாய்லாந்து மூன்றும் அப்படித்தான். அதனால் நாட்டை வைத்து மாதம் பார்க்காமல், போகிற ஊரை வைத்துப் பாருங்கள்.

அதோடு வானிலை கணக்கில் ஒரு பகுதிதான். அந்த ஊர்ப் பள்ளி விடுமுறை, அங்குள்ள பண்டிகை, நம் வீட்டு விசேஷம், டிக்கெட் விலை இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வானிலை அருமையாக இருக்கும் வாரத்தில் ஊரே கடையடைத்துக் கிடந்தால் போனதற்குப் பலன் இல்லை.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. அப்போது எங்கே போகலாம்?

அதிகம் பேர் கேட்பதும் இதுதான், தவறுவதும் இங்கேதான். கத்திரி வெயிலுக்குத் தப்பி ஓடுகிறோம் என்று பாங்காக் போனால், வெயிலும் புழுக்கமும் காரைக்குடியைப் போலவே இருக்கும். சாயங்கால மழை மட்டும் கூடுதல். புக்கெட் பக்கம் மே மாதத்திலேயே கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். கரையில் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டால் குளிக்க முடியாது, தீவுப் படகுகளும் நிற்கும். கொழும்பு, காலி பக்கமும் அப்போது தென்மேற்குப் பருவமழைதான்.

மே மாதத்துக்கு உண்மையிலேயே பொருந்தும் இடங்கள் சில உண்டு. பாலித் தீவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். அதிலும் மே மாதம் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் வரும் ஐரோப்பிய, ஆஸ்திரேலியக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகியவற்றிலும் கடல் தெளிந்து அமைதியாக இருக்கும்.

ஜப்பானுக்கு மே 6-க்குப் பிறகு போங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே ‘கோல்டன் வீக்’. நாடு முழுதும் பயணத்தில் இருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது, விடுதி விலை எகிறும். ஜூன் தொடங்கியதும் டோக்கியோ பக்கம் மழைக்காலம் வந்துவிடும். நடுவில் இருக்கும் மூன்று வாரம்தான் நமக்கு. டோக்கியோவில் செர்ரிப் பூ மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் முடிந்துபோகும். மே மாதம் அங்கே போய்ப் பூவைத் தேடாதீர்கள். வடக்கே ஹொக்கைடோவில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பூக்கும். பனி பார்க்கும் ஆசை இருந்தால் தத்தெயாமா மலைப்பாதையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை இரு புறமும் பனிச்சுவர் நிற்கும்.

ஐரோப்பாவும் மே மாதத்துக்கு ஏற்றதே. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

சிங்கப்பூர் போக எந்த மாதம் நல்லது?

பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகை (டிகிரி) வடக்கே இருக்கும் ஊர் அது. ஆண்டு முழுதும் பகலில் 31, 32 பாகை, இரவில் 25. குளிர்காலம், கோடைக்காலம் என்ற பேச்சே இல்லை. மழை மட்டும் கூடும், குறையும். ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. நம் சிவகங்கைச் சீமை மழையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். டிசம்பரில் 300 மி.மீ. தாண்டும். பிப்ரவரியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வானிலை மட்டும் பார்த்தால் பிப்ரவரி, மார்ச் முதல் பாதி நல்லது.

மழை என்றால் நம் ஊர் ஐப்பசி அடைமழை போல நாள் முழுக்கக் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் சில நாள் விடாமல் பெய்யும். மற்ற மாதங்களில் பிற்பகலில் ஒரு மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடும். காலையில் வெளியிடம், இரண்டு மணிக்கு மேல் கூரைக்குள் இருக்கும் இடம் என்று திட்டம் போட்டால் எந்த மாதமும் சமாளிக்கலாம்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வேறொரு தொல்லை உண்டு. சுமத்ராவில் காடும் கரிமண் நிலமும் எரிந்தால் அந்தப் புகை சிங்கப்பூர், மலேசியா மேல் வந்து மூடும். எல்லா ஆண்டும் வராது. 2015, 2019-இல் கடுமையாக வந்தது. ஆஸ்துமா உள்ளவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள்.

திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட் ஒரு வாரம் ஒரு விலை, மறுவாரம் இரட்டை விலை. ஏன்?

இந்த வழித்தடத்தில் விலையை நிர்ணயிப்பது சுற்றுலா அல்ல. அங்கே குடியிருக்கும் நம் சனம் ஊருக்கு வந்து போவதுதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை நான்கு வாரமும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஆறு வாரமும் விடுமுறை. விடுமுறை தொடங்கும்போது சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் விமானம் நிறையும். முடியும்போது திருச்சியிலிருந்து போகும் விமானம் நிறையும்.

நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் போனால் லாபம். நவம்பர் கடைசியில் இங்கிருந்து ஏறி டிசம்பர் முதல் பாதியில் திரும்பினால் போகிற டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் இங்கிருந்து ஏறினால், ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்களோடு போட்டி போட்டு வாங்க வேண்டும். பொங்கல் முடிந்த வாரமும் அப்படியே. அதனால் ‘டிசம்பர் மலிவா’ என்று கேட்காமல், எந்த வாரம், எந்தத் திசை என்று பாருங்கள்.

நேர் விமானம் என்றால் சாதாரண மாதங்களில் ஆறு முதல் எட்டு வாரம் முன்பும், ஏப்ரல்–மே, டிசம்பருக்கு மூன்று நான்கு மாதம் முன்பும் வாங்கிவிடுவது நல்லது. போகும் தேதி, திரும்பும் தேதி இரண்டையும் செவ்வாய், புதனுக்கு நகர்த்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போவதா, சிங்கப்பூர் போவதா?

இரண்டிலும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கோயிலும் வெள்ளி ரதமும் உண்டு. சிங்கப்பூரில் முதல் நாளே செட்டிப் பூசம். வெள்ளி ரதம் அன்றைக்குப் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குத் திரும்பும். மறுநாள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் அங்கே வரும். பூசத்தன்று மட்டும் போய் இறங்குபவர்கள் இந்த முதல் நாளைத் தவறவிட்டுவிடுகிறார்கள். பினாங்கில் ரதம் நகருக்குள்ளிருந்து தண்ணீர்மலைப் பக்கத்துக் கோயிலுக்குப் போகும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பது காணவேண்டிய காட்சி.

சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. பினாங்கு, சிலாங்கூர், கோலாலம்பூர் உள்ளிட்ட மலேசிய இடங்களில் உண்டு. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மழை குறைந்த காலம் என்பதால் வானிலையும் கைகொடுக்கும். வயதானவர்களோடு போவதாக இருந்தால் கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலை வேண்டாம். 272 படி ஒரு பக்கம் இருக்கட்டும், அன்றைக்கு அடிவாரத்தை அடைவதே பெரும்பாடு.

தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் சில ஆண்டுகளில் அருகருகே விழும். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பல கடைகள் திறக்காது. தேதியைப் பார்த்துக்கொண்டு தங்கும் நாளைக் கூட்டுங்கள், குறையுங்கள்.

மலேசியாவில் லங்காவியும் தியோமானும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். ஆனால் இரண்டும் நன்றாக இருக்கும் மாதம் கிடைப்பது அரிது. லங்காவிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. அதே காலத்தில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான தீவு விடுதிகள் மூடியே இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்கு?

தீவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேற்கும் தெற்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அக்டோபர், நவம்பரில் தீவு முழுதும் மழை, புயலும் வரும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவை உண்டாக்கியது.

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாள். ஆகஸ்டை ஒட்டி வரும். அதே வாரங்களில் கண்டியில் பெரஹரா ஊர்வலம். இரண்டையும் இணைத்துப் போகலாம். ஆடியில் நம் பக்கம் பெரிய விசேஷங்கள் குறைவாக இருப்பதால் நமக்கும் தோதான நேரம். சிவனொளிபாத மலை ஏறுவதாக இருந்தால் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைதான் காலம். மற்ற மாதங்களில் படிக்கட்டில் விளக்கு இருக்காது, கடை இருக்காது, காற்றும் மழையும் இருக்கும்.

நுவரெலியாவுக்கு ஏப்ரலில் போகாதீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்புக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் ஏறுவார்கள். அறை வாடகை பல மடங்காகும்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலை நம்பித் திட்டம் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் சீறினால் அந்தச் சேவை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நிற்கும். ஐப்பசி முதல் தை வரை விமானமே உறுதி.

தாய்லாந்தில் எது எப்போது?

பாங்காக்குக்கும் புக்கெட்டுக்கும் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. கோ சாமுய் மட்டும் கீழைக் கடலில் இருப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே மழை; பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை நல்லது. ஆக, மே மாதம் தாய்லாந்து போயே தீருவது என்றால் புக்கெட்டை விட்டுச் சாமுய்யை எடுங்கள். வடக்கே சியாங் மாய் பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் எரிக்கும் புகை.

ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கும் புத்தாண்டு, சொங்க்ரான். தெருவில் போகிற வருகிறவர்மேல் தண்ணீரை ஊற்றுவார்கள். கைப்பேசியும் பாஸ்போர்ட்டும் நனையாமல் பார்த்துக்கொண்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

சைகோன், பர்மா: முன்னோர் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு)ப் போன ஊர்களைப் பார்க்க எந்தக் காலம்?

சைகோனுக்கு (இன்றைய ஹோ சி மின் நகரம்) டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் அங்கே இன்றும் இருக்கிறது. ஆனால் ‘வியட்நாம் பேக்கேஜ்’ என்று விற்பவர்கள் சைகோன், டா நாங், ஹனோய் மூன்றையும் எட்டு நாளில் கோத்துக் கொடுப்பார்கள். நாடு வடக்குத் தெற்காக 1,600 கி.மீ. நீளம். மூன்று ஊருக்கும் மூன்று வானிலை. அக்டோபர், நவம்பரில் டா நாங், ஹோய் ஆன் பக்கம் வெள்ளம் வரும். ஜனவரியில் ஹனோய் 15 பாகைக் குளிரும் தூறலுமாக இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மூன்றும் ஓரளவு ஒத்துவருவது மார்ச், ஏப்ரலில். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் புத்தாண்டு வாரத்தில் கடைகள் அடைத்திருக்கும், உள்நாட்டு ரயில், விமானம் எல்லாம் நிறைந்திருக்கும்.

பர்மாவுக்கு (மியான்மர்) வானிலைப்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரி. ஆனால் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து பல பகுதிகளில் சண்டை. 2025 மார்ச் 28-இல் மண்டலேயைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பழைய கிட்டங்கியையும் (நகரத்தார் தொழில் நடத்திய கிடங்கு) கோயிலையும் பார்க்கும் ஆசை நியாயமானதுதான். இப்போதைக்கு மாதம் பார்ப்பதைவிட நம் வெளியுறவு அமைச்சகம் என்ன அறிவுறுத்துகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

துபாய் ஜூன், ஜூலையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, போகலாமா?

கடைகளும் உள்ளரங்கமும் போதும் என்றால் போகலாம். வெயில் 40 பாகைக்கு மேல், கடற்காற்றில் ஈரப்பதமும் சேரும். பாலைவன சவாரி, படகு எல்லாம் வதைதான். குளோபல் வில்லேஜும் மிராக்கிள் கார்டனும் கோடையில் மூடியிருக்கும். பேக்கேஜ் பட்டியலில் அவற்றின் பெயரைப் போட்டுவிட்டு, போன பிறகு ‘மாற்று இடம்’ என்று ஒரு மாலுக்கு அழைத்துப்போவது நடக்கிறது. எந்தத் தேதியில் திறப்பு என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை சுகமான காலம். ரமலான் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும். அடுத்த சில ஆண்டுகளுக்கு அது இந்த நல்ல காலத்துக்குள்தான் விழும். நோன்பு மாதத்தில் பகலில் சில உணவகங்கள் மூடியிருக்கும், வேலை நேரம் குறையும்.

ஐரோப்பாவுக்கு மே மாதமா, செப்டம்பரா?

பிள்ளைகள் இருந்தால் மே. பெரியவர்கள் மட்டும் என்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டு வேண்டாம். கூட்டம் நெரியும், விலை உச்சத்தில் நிற்கும். அங்கே நடுத்தர விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது. 35 பாகை அனலடிக்கும் பாரிஸ் அறையில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உறங்குவது, முற்றமும் உயரமான கூரையும் உள்ள நம் வளவு வீட்டில் உறங்குவதைவிடக் கடினம்.

மே மாதத்திலும் சில குறை உண்டு. ஹாலந்தில் கொய்கன்ஹாப் தோட்டத்துத் துலிப் பூக்கள் மே இரண்டாம் வாரத்தோடு முடிந்துவிடும். பள்ளி மூடியதும் முதலில் ஆம்ஸ்டர்டாம், பிறகு சுவிஸ் என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் உயரமான கணவாய்ச் சாலைகள் பல ஜூன் வரை பனியில் மூடிக்கிடக்கும். பழனி ரோப் கார் ஆண்டுப் பராமரிப்புக்கு நிற்பதைப் போல அங்கேயும் ஏப்ரல்–மே, நவம்பரில் சில மலை ரோப் கார்கள் நிற்கும். போக நினைக்கும் மலையின் பெயரைச் சொல்லி அந்தத் தேதியில் ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். பனி பார்க்கக் குளிர்காலம்தான் வேண்டும் என்பதில்லை. 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃபிராவ்யோக்கில் ஆண்டு முழுதும் பனி உண்டு.

டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விளக்கு அழகுதான். ஆனால் லண்டனில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நான்குக்குள் இருட்டிவிடும். நாளொன்றுக்கு நான்கு இடம் என்று போட்ட பட்டியலில் இரண்டுதான் வெளிச்சத்தில் பார்க்க முடியும். டிசம்பர் 25 அன்று லண்டனில் ரயிலும் பஸ்ஸும் ஓடாது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. 45 நாள் வரை நீட்டிக்கவும் விதி இடம் தருகிறது. மே பயணத்துக்கு மார்ச்சில் கிளம்பினால் சென்னையில் நேரம் கிடைப்பதே சிரமம். ஜனவரியிலேயே தொடங்குங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மகன் அமெரிக்காவில். அப்பத்தாவும் ஐயாவும் எப்போது போனால் நல்லது?

நியூ ஜெர்சி, சிகாகோ, பாஸ்டன் என்றால் ஏப்ரல் கடைசியில் போய் அக்டோபருக்குள் திரும்புவது. நம் கோடையும் கழியும், அங்கே நடக்க நல்ல காலமும் கிடைக்கும். நவம்பருக்குப் பிறகு நாலரை மணிக்கே இருட்டிவிடும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வெளியே இறங்க முடியாமல் அடைந்து கிடப்பதுதான் பெரியவர்களை வாட்டுகிறது. நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்பொருக்கு படிந்திருக்கும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வைத்தியச் செலவு பயணச் செலவைப் போலப் பல மடங்கு.

டல்லாஸ், ஹூஸ்டன் என்றால் கணக்கு மாறும். அங்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரை நம் ஊர் வெயில்தான். மார்ச்–மே அல்லது அக்டோபர்–டிசம்பர் பாருங்கள்.

விசாவில் பத்து ஆண்டு என்று இருந்தாலும், ஒருமுறை எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும்போது அதிகாரி முடிவு செய்வார். பொதுவாக ஆறு மாதம். திரும்பும் தேதியை அந்த வரம்புக்கு இரண்டு வாரம் முன்னதாக வையுங்கள். கோடையில் போவதால் மாம்பழம் எடுத்துப்போகும் ஆசை வரும். மாம்பழமும் கறிவேப்பிலையும் பெட்டியில் கண்டால் பறிமுதல். வற்றல், வடகம், சீடை, அதிரசத்துக்குத் தடையில்லை, கேட்டால் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்திரேலியா?

பருவம் தலைகீழ். நம் மே அவர்களுக்கு இலையுதிர்காலம். மெல்பர்னில் 10 முதல் 17 பாகை, வடக்கே கெய்ர்ன்ஸ் பக்கம் வறண்ட இதமான காலம். கொண்டுபோகும் எல்லா உணவுப் பொருளையும் அங்கே இறங்கும்போது தரும் படிவத்தில் எழுதுங்கள். எழுதாமல் மாட்டினால் அபராதம் கடுமை.

ஐப்பசி, கார்த்திகையில் போகலாமா? வெளிநாட்டில் வெயில் அடிக்கிறதே?

அங்கே வெயில் அடிக்கலாம், விமானம் ஏறும் இடம் இங்கேதானே இருக்கிறது. மிக்ஜாம் புயலில் 2023 டிசம்பர் 4 அன்றும், ஃபெங்கல் புயலில் 2024 நவம்பர் 30 அன்றும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. இந்த இரண்டு மாதத்தில் கூடுமானவரை திருச்சி அல்லது மதுரையிலிருந்து ஏறுங்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 90 கி.மீ. புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. சென்னைதான் வழி என்றால் அன்றைக்கு நண்பகல் சேரும் பல்லவன் ரயிலை நம்பி மாலை விமானம் போடாதீர்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் மலிவு என்கிறார்களே?

ஆடி உண்மை. கல்யாணம் இல்லை, பள்ளி திறந்திருக்கும், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை இங்கிருந்து கிழக்கே போகும் டிக்கெட் இறங்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்கு இதைவிட நல்ல மாதம் இல்லை. பாலி, சாமுய், யாழ்ப்பாணம் மூன்றுமே அப்போது நன்றாக இருக்கும்.

மார்கழி மலிவு என்பது தவறு. முதல் வாரம் வேண்டுமானால் மலிவு. கிறிஸ்துமஸ் நெருங்கியதும் உலகம் முழுதும் விலை ஏறும். நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பும் இதில்தான் வரும். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் இழை எடுத்துக்கொள்வது (நூல் திரி எரியும் மாவைப் பிள்ளையாரை வேண்டி உண்பது). அந்த நாளில் விமானத்தில் இருக்கும்படி ஆகிவிடாமல் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி போடுங்கள். சிங்கப்பூர், மலேசியாவிலும் நகரத்தார் கூடி இழை எடுக்கிறார்கள் என்பதால் அங்கே இருந்தால் கவலை இல்லை.

ஒரு ஊரின் வானிலையை நாமே பார்த்துக்கொள்வது எப்படி?

மாத சராசரி அட்டவணையில் மழையளவை மட்டும் பார்க்காதீர்கள். ‘மழை நாட்கள்’ என்று ஒரு வரி இருக்கும். 200 மி.மீ. மழை எட்டு நாளில் கொட்டினால் மீதி 22 நாள் உங்களுக்கு. அதே 200 மி.மீ. இருபது நாள் தூறினால் பயணம் பாழ். அடுத்து இரவு வெப்பநிலை. பகல் 18 பாகை என்று படித்துவிட்டு ஸ்வெட்டர் எடுக்காமல் போய் இரவு 6 பாகையில் நடுங்குபவர்கள் உண்டு. மூன்றாவது, சூரியன் உதிக்கும், மறையும் நேரம். பத்து நாளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பை நம்பித் தேதி மாற்ற வேண்டாம்.

கடைசியாக அந்த ஊரின் விடுமுறைப் பட்டியல். பாலியில் மார்ச்சை ஒட்டி வரும் நியெபி நாளில் 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். விடுதியை விட்டுத் தெருவில் இறங்கவும் அனுமதி இல்லை. பட்டியலைப் பார்க்காமல் அன்றைக்குத் திரும்பும் டிக்கெட்டை வேறு விமானத்தோடு இணைத்துப் போட்டுவிட்டால் இரண்டு டிக்கெட்டும் போகும்.